பவ்லூசியின் அக்கா

முதலில் உப்பு என்றுதான் நினைத்தாள் சண்முகக்கனி. திரை முழுக்க வெள்ளை, கரை தெரியாத வெள்ளை, அதன்மேல் காற்று எதையோ பொடிப்பொடியாக வாரிக்கொண்டு போயிற்று. வைகாசி மத்தியானத்தில் உப்பளத்து வரப்பில் நிற்கிற மாதிரி இந்த இருட்டு அறைக்குள்ளும் கண் தானாகச் சுருங்கியது. ஒரு நாய் ஓடி வந்து அந்த வெள்ளையில் வயிறு வரைக்கும் புதைந்த பிறகுதான், உப்பில் நாய் புதையாதே, இது பனி என்று புத்தியில் ஏறியது. இவ்வளவா. ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் கட்டிதட்டியிருப்பதைக் கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி எடுத்திருக்கிறாள், அவளுக்குத் தெரிந்த பனி அவ்வளவுதான். அதன்மேல் ஓர் ஊரே வீடு கட்டி உட்கார்ந்திருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு அதில் உருண்டுகொண்டே வீட்டுக்கு வரும், கடலே கல்லாகிக் கிடக்க அதன் நடுவில் ஒருவன் ஓட்டை போட்டு மீனுக்குக் குந்தியிருப்பான் என்று யார் சொல்லியிருந்தாலும், சும்மா அளக்காதே என்றிருப்பாள். கடல் கல்லாகுமா. அப்படியானால் அலை என்ன ஆகும், எழும்பினபடியே நின்றுவிடுமா. “கனிம்மா, வாயை மூடிக்குங்க, மைக்ல மூச்சு விழுது” என்று காதுக்குள் பிரான்சிஸ் சார் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள். அவர் ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டு பேசினால் இவள் ஹெட்போனில் கேட்கும், விரலை எடுத்துவிட்டால் மீன்தொட்டி மாதிரி வாய் மட்டும் அசையும். சாலிகிராமத்தில் சந்துக்குள் இருக்கிற இந்தச் சின்ன ஸ்டுடியோவுக்கு அவர்தான் முதலாளி, அவர்தான் சவுண்ட் இன்ஜினியர், வெளிநாட்டுப் படத்துக்குத் தமிழில் வசனம் எழுதுகிறவரும் அவரே. வயரிங் வேலைக்கு வந்த கனியின் புருசன் சேர்மராஜ், எங்க வீட்ல பேசுனா மூணு தெருவுக்குக் கேக்கும் சார் என்று அவரிடம் புகாராகச் சொல்லப்போய், கூட்டிட்டு வாப்பா அந்தக் குரலை என்று அவர் சொல்ல, அப்படிக் கிடைத்ததுதான் இந்த வேலை. சீரியலில் கல்யாண வீட்டுக் கூட்டத்தில் வாங்க வாங்க என்பது, ஆஸ்பத்திரி வராந்தாவில் முகம் தெரியாமல் அழுவது, சந்தையில் கத்தரிக்காய் விற்பது, இதெல்லாம் பேசியாயிற்று. முழுசாக ஓர் ஆளுக்குப் பேசுவது இன்றைக்குத்தான் முதல். அதற்குள் மார் கனக்க ஆரம்பித்திருக்கிறது, பிள்ளை குடிக்கிற நேரம் நெருங்குகிறது. பிள்ளை வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் கனியின் அம்மா மடியில். பால் கட்டினால் கட்டட்டும், இந்தத் துண்டை முடித்துவிட்டு ஓடிப்போய்க் கொடுத்துவிடலாம் என்று சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

திரையில் சியாசி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கனியின் வயசுதான் இருக்கும். வட்ட முகம், கன்னத்தில் குளிர் கடித்த சிவப்பு, ரோமம் வைத்த தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு அடுக்களை மேஜை முன்னால் நின்று உள்ளங்கைக் குழியால் மாவை அழுத்தி அழுத்தித் திருப்புகிறாள், அந்தத் திருப்பலைப் பார்த்தால் தெரியாதா, சமைக்கிற கை. தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது, இன்னும் ஒரு பிடி மாவு போடலாம் என்று கனிக்குத் தோன்றும்போதே அவள் ஒரு பிடி அள்ளிப் போட்டாள், கனிக்குச் சிரிப்பு வந்தது. கனடா நாட்டின் வடக்கு ஓரத்தில் இனுயிட் மக்கள் வாழ்கிற ஒரு சிற்றூர் அது. ஒரே குளிர்காலத்தில் அங்கே வயசுப்பிள்ளைகள் சிலர் தங்களைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள், மிச்சம் இருப்பவர்கள் அதற்கப்புறம் எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் படம். பிரான்சிஸ் சார் முதலிலேயே, சோகமான சப்ஜெக்ட் கனிம்மா, ஆனா நீங்க அழக்கூடாது, அந்தம்மா அழுதா மட்டும் அழுங்க என்று சொல்லியிருந்தார். சியாசி அழவில்லை. மாவைப் பார்த்துக்கொண்டே பேசினாள், கனியும் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே தமிழில் பேசினாள். என் தம்பிக்குப் பத்தொன்பது வயசு. நல்லா சிரிப்பான். அவன் போன அன்னைக்கு நான் இதே இடத்துல நின்னு ரொட்டிதான் போட்டுக்கிட்டு இருந்தேன். ஊர்ல பலகை தீர்ந்துபோச்சு, பெட்டி செய்யறதுக்குப் பலகை விமானத்துல வரவேண்டியிருந்துச்சு. பேசும்போது யோசிக்கக்கூடாது, அதுதான் இந்த வேலையின் சூட்சுமம். உதடு எப்போது திறக்கிறது, எப்போது ஒட்டுகிறது, அதில்தான் கண் இருக்க வேண்டும், அர்த்தம் தன்பாட்டுக்கு வெளியே காத்திருக்கட்டும். அப்படித்தான் பேசினாள், ஆனால் சிரிப்பான் என்கிற சொல் மட்டும் வாயை விட்டுப் போகாமல் நாக்கின் அடியில் முள் மாதிரி நின்றது. இவள் கூடப்பிறந்தவனும் சிரிப்பான். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு நெல் நுழைகிற சந்து இருக்கும், அதன் வழியாக விசில் அடித்துக்கொண்டு சைக்கிளில் வருவான். வீட்டுக்கு இரண்டு வளைவு முன்னாலேயே யக்கா, சோத்தப் போடு என்பான். இப்போது அக்கா என்று கூப்பிட ஆளா இல்லை, மெட்ராஸில் காய்க்காரர் அக்கா என்கிறார், ஷேர் ஆட்டோக்காரன் அக்கா தள்ளி உக்காரு என்கிறான், அதெல்லாம் அக்காவா.

அவன் போய் நாலு வருசம் ஆகிறது. அவன் பேரைச் சொல்லக்கூடாது என்று வீட்டில் யாரும் சட்டம் போடவில்லை. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான், சொல்லாமலே பழகிப்போயிற்று. போட்டோவை இறக்கி பீரோவுக்குள் சுவரைப் பார்க்க வைத்தார்கள். பெரியப்பா வந்து, இந்த மாதிரிப் போனவனுக்குப் பதினாறெல்லாம் ஊரைக் கூட்டிச் செய்ய வேண்டாம் என்றார், செய்யவில்லை. அம்மா உப்பு பாக்கெட் போடுகிற கம்பெனிக்கு வேலைக்குப் போகிற வழியில் ஒரு மளிகைக்கடை, திரவியம் ஸ்டோர் என்று பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து, எத்தனையோ வருசமாகச் சாமான் வாங்கின கடை. அன்றிலிருந்து அம்மா அந்தத் தெருவை விட்டுவிட்டு, குளத்தைச் சுற்றிப் போக ஆரம்பித்தாள். வெயிலோ மழையோ குளத்தைச் சுற்றித்தான். ஏம்மா இப்படி நடக்க என்று ஒரு தடவை கேட்டதற்கு, காலு நீட்டிக்கிட்டு நடந்தா ஒடம்புக்கு நல்லதாம், டாக்டர் சொன்னாரு என்றாள். எந்த டாக்டர். அவன் பேரும் திரவியம். கடைப்பலகையில் இருந்தால்கூட ஆகாத அந்தப் பேரை இவள் மனசுக்குள் நினைக்கும்போதும் மெதுவாகத்தான் நினைப்பாள், பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி. இந்த ஊரில் பார், சியாசி அடுக்களையில் ரேடியோ ஓடுகிறது, அந்த ஊருக்கென்று தனி ரேடியோவாம், யார் வேண்டுமானாலும் போன் போட்டுப் பேசலாம், எங்க வீட்டு நாயைக் காணோம் என்கிறார் ஒருவர், மீன் நிறைய கிடைச்சிருக்கு வந்து எடுத்துக்கிட்டுப் போங்க என்கிறார் இன்னொருவர், அடுத்ததாக ஒரு தாத்தா, பவ்லூசிக்கு இன்னைக்குப் பொறந்த நாள், என் வாழ்த்து என்கிறார். பவ்லூசி என்பதுதான் சியாசியின் செத்துப்போன தம்பியின் பேர். செத்தவனுக்கா, ரேடியோவிலா, ஊரே கேட்கவா. அதற்கப்புறமும் போன் வந்துகொண்டே இருந்தது, பவ்லூசி, பவ்லூசி, பவ்லூசி என்று வெவ்வேறு குரலில், கிழக்குரல், பொடிக்குரல், இருமிக்கொண்டே ஒரு குரல். சியாசி மாவுக் கையோடு நின்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், நல்ல வெயில் நாளில் துணி உலர்த்திவிட்டு நிற்கிறவள் முகம் மாதிரி இருந்தது அந்த முகம்.

அப்புறம்தான் அந்தச் சின்னப்பிள்ளை வந்தது. நாலு வயசு இருக்கும். இரட்டைச் சடை, உரோமச் சப்பாத்து, உடம்பை விடப் பெரிய சட்டை. வெளியிலிருந்து ஓடி வந்து சியாசியின் காலைக் கட்டிக்கொண்டு மேலே பார்த்து ஏதோ கேட்டது. பிள்ளைக்குப் பேசுகிற குழந்தை நாளைக்குத்தான் வரும் என்பதால் அதன் வசனத்தை பிரான்சிஸ் சாரே எடுத்துக் கொடுத்தார். “அக்கா, பசிக்குது” என்று அவருடைய கட்டைக் குரல் காதில் வந்ததும் கனிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது.

“சார், நீங்க பசிக்குதுன்னா கோழி பிரியாணி கேக்க மாதிரில்லா இருக்கு.”

“கேட்டா மட்டும் கெடைக்குமா. சொல்லுங்க உங்க வசனத்தை.”

“ஒரு நிமிசம் சார். இந்தப் பாப்பா அவுங்க பிள்ளைதான? முதல்லயே பழைய வீடியோவுல காட்டுனாங்களே, தொட்டில்ல போட்டு ஆட்டுனாங்களே. அம்மான்னு இல்ல வரணும்? அக்கான்னு இருக்கு.”

கண்ணாடிக்கு அப்பால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். “நானும் அப்படித்தான் நெனச்சேன். அவங்க ஏதோ கொழப்பிட்டாங்கன்னு எல்லா எடத்துலயும் அம்மான்னு மாத்தி எழுதிட்டேன். அப்புறம் படத்தை முழுசா பாத்தா, மாத்தினா படமே இல்ல. திரும்ப உக்காந்து எல்லாத்தையும் அக்கான்னு எழுதினேன்.”

“அதெப்படி சார்?”

“அங்க ஒருத்தர் செத்துட்டா, அடுத்து பொறக்குற கொழந்தைக்கு அந்தப் பேரை வைப்பாங்களாம். பேரு வந்துட்டா அந்த ஆளும் வந்த மாதிரிதான். மொறையும் அப்படியே வந்துடும். இந்தப் பாப்பாவுக்கு அவங்க தம்பி பேரு. அதனால பாப்பா அவங்களுக்குத் தம்பி. பாப்பாவுக்கு அவங்க அக்கா.”

“இது பொம்பளப் பிள்ளைல்லா சார்.”

“பேருக்கு ஆம்பள பொம்பள கெடையாதாம் கனிம்மா. யாரு பொறந்தாலும் அந்தப் பேரை வாங்கிக்கலாமாம்.” விரலை எடுத்துவிட்டார், வாய் இன்னும் ஏதோ அசைந்தது, அப்புறம் நினைவு வந்து மறுபடி அமுக்கினார். “கேக்கவே நல்லாருக்குல்ல.”

நல்லாருக்கா. திரை தன்பாட்டுக்கு ஓடியது, இந்த இடத்தில் சியாசிக்கு வசனம் இல்லை, பார்த்தால் போதும். பிள்ளை வெளியே போனது. பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு நாலைந்து வாலிபர்கள் வந்தார்கள், செத்துப்போன பவ்லூசியோடு ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பூனை மாதிரி இருந்த அந்தப் பிள்ளை முன்னால் அவ்வளவு பெரிய பயல்கள் முழங்கால் போட்டு உட்கார்ந்து கையுறையைக் கழற்றிவிட்டுக் கை குலுக்கினார்கள். ஒருவன், அவன் இருந்தால் எப்படி இடிப்பானோ அப்படித் தோளால் ஒரு இடி இடித்தான், பிள்ளை பனியில் சாய்ந்து உருண்டு எழுந்து அவனைத் திருப்பி இடித்தது. இன்னொருவன் சட்டைக்குள்ளிருந்து ஒரு தூண்டில்முள்ளை எடுத்து, உன்கிட்ட இரவல் வாங்குனது என்று நீட்டினான். பிள்ளை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் சொந்தச் சாமான் மாதிரியே பைக்குள் போட்டுக்கொண்டது. ஒருத்தராவது சிரிக்க வேண்டுமே. ஒரு கிழவியாவது, என்னடா இது கூத்து என்று முகவாயில் கை வைக்க வேண்டுமே. இல்லை. கடல் கல்லானதைவிட இது பெரிசு என்று தோன்றியது அவளுக்கு. கடலைக் குளிர் கல்லாக்குகிறது, அதற்குக் காரணம் உண்டு. இது ஒரு ஊரே சேர்ந்து செய்கிறது, தினமும் செய்கிறது, மாவு பிசைகிற மாதிரி செய்கிறது, போனவனை விடாமல், பிடிவாதமாக, அழுதுகொண்டுகூட இல்லாமல், கை கொடுத்துத் தூக்கி உட்காரவைத்து ரொட்டி தின்னக் கொடுக்கிறது. இப்படியும் உலகத்தில் உண்டா. உண்டு போலிருக்கிறது, அதோ சடை ஆட ஓடுகிறது.

பொம்பளப் பிள்ளை. பேருக்கு ஆம்பள பொம்பள கிடையாதாம். இவள் வயிற்றில் உண்டானது தெரிந்த அன்றைக்கு அம்மா அவன் போனதற்கப்புறம் முதல்முறையாகத் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளித்தாள் என்று ஊரில் பக்கத்து வீட்டு மரியத்தாய் சொன்னாள். அவன் வாரான் என்று அம்மா சொல்லிக்கொண்டாள். பேர் இல்லை, அவன், அவ்வளவுதான். போனில் தினமும் கேட்பாள், அவன் எப்படி இருக்கான், உதைக்கானா, புளிப்பு கேக்கானா, அவனுக்குப் பச்சை மாங்காய்னா உசிரு பாத்துக்கோ. வெள்ளியில் அரைஞாண்கொடி செய்யச் சொல்லி, பிரசவத்துக்கு வரும்போது ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். கனிக்கும் அது ஒரு விளையாட்டு மாதிரி பிடித்துத்தான் இருந்தது, வயிற்றைத் தடவிக்கொண்டு, ஏல சும்மா கிட என்பாள், உள்ளே அது சும்மா கிடக்கும். நர்ஸ் வந்து, பொம்பளப் புள்ள, மூணு கிலோ, நல்ல வெயிட்டு என்றாள். அம்மா, சரி என்றாள். சரி என்கிற சொல்லை அப்படி யாரும் சொல்லிக் கனி கேட்டதில்லை, வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே விளக்கை அணைப்பது போல ஒரு சரி. அரைஞாண்கொடி வெளியே வரவேயில்லை. தீட்டு கழிந்ததும் ஊருக்குப் போய்விட்டாள். சேர்மராஜின் அக்கா நம்பர் கூட்டிப் பார்த்துச் சொல்ல, ருத்விகா என்று பேர் வைத்தார்கள், எனக்கு அது வாயில நொழையல என்று அம்மா இன்றைக்கு வரைக்கும் பிள்ளை என்றுதான் சொல்கிறாள். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாச்சா, பிள்ளைக்குப் பேதி நின்னுட்டா. அங்கே மழையில் கம்பெனி அடைத்துக் கிடக்கிறது, இங்கே பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணும் சொந்த ஊருக்குப் போய்விட்டாள் என்றுதான் இப்போது பத்து நாளைக்கு வந்திருக்கிறாள். வந்து ஒரு குறை சொல்ல முடியாது, காலையில் குளிப்பாட்டுகிறாள், சாம்பிராணி காட்டுகிறாள், தோளில் போட்டு ஏப்பம் விடவைக்கிறாள், எல்லாம் கூலிக்கு வந்தவள் மாதிரி அத்தனை சரியாக. பிள்ளை சிரித்தால் மட்டும் வேறெங்கோ பார்ப்பாள். பிள்ளைக்கும் அது தெரிகிறதோ என்னவோ, அம்மாவைப் பார்த்துத்தான் அதிகமாகச் சிரிக்கிறது. அதைப் பார்க்கும்போதுதான் கனிக்கு வயிறு எரியும். போகட்டும், அழுது என்ன செய்ய, நேரம் வந்தால் தானாகச் சரியாகும் என்று அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். எந்த நேரம். நேரம் வருகிற மாதிரி தெரியவில்லை. இன்னும் நாலு நாளில் அம்மாவுக்கு ரயில்.

“கனிம்மா, பாப்பா வேர்வையில நனைஞ்சிடுச்சு” என்றது காது. “வராந்தாவுல ஃபேன் ஓடல. உங்கம்மாவை உள்ள ஏசில உக்காரச் சொல்லிட்டேன். சத்தம் வராது, நீங்க கவலைப்படாதீங்க.” வேண்டாம் சார் என்று அவள் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடிக்குப் பின்னால் அம்மா வந்துவிட்டாள், ரப்பர் செருப்பைக் கையில் பிடித்தபடி, தோளில் பிள்ளை. பிரான்சிஸ் சார் சுழல் நாற்காலியை இழுத்துப் போட, அது சுழன்றதைப் பார்த்துப் பயந்து சுவர் ஓரமாகக் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்த அறையில் ஸ்பீக்கர் இருக்கிறது. திரையும் தெரியும். எவ்வளவு நேரமாகத் தெரிகிறது. வராந்தாவுக்கும் கேட்டிருக்குமோ. அம்மாவுக்கு முன்னால் தம்பி என்று எப்படிச் சொல்ல, நாலு வருசத்தில் அந்தச் சொல்லை இவள் தெருப்பிள்ளைகளிடம்கூட, அம்மா பக்கத்தில் இல்லையென்று பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறாள், அம்மா எழுந்து வெளியே போய்விட்டால், ரயில் வரைக்கும் காத்திருக்காமல் இன்றைக்கே கிளம்புகிறேன் என்றால். பார்க்காதே, உதட்டைப் பார். படம் எடுக்கிற ஆள் சியாசியிடம் கேட்கிறான், தம்பி இப்ப உங்ககூட இருக்கானா. சியாசி வாயைத் திறக்கவில்லை, புருவத்தை மட்டும் மேலே தூக்கினாள். கனி பழக்க தோஷத்தில் ம் என்றாள். “அது வேணாம், எடுத்துடலாம்” என்றார் பிரான்சிஸ் சார். “புருவம் தூக்கினாலே அங்க ஆமான்னு அர்த்தம். அவங்க பதில் சொல்லிட்டாங்க.” சொல்லிவிட்டாள். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். அடுத்த கேள்வி கொஞ்ச நேரம் கழித்து வந்தது, பயமா இல்லையா, அதே பேரு. கனிக்கும் அந்தப் பயம்தான், பேரோடு சேர்ந்து அதுவும் வந்துவிட்டால், சைக்கிளும் விசிலும் வருகிற வழியிலேயே மற்றதும் வந்துவிட்டால், நாளைக்கு வளர்ந்து தன் பிள்ளையும் ஒருநாள் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திக்கொண்டால். சியாசி கையிலிருந்த மாவை உதிர்த்தாள். பேசினாள், கனி அவளோடு போனாள். பயம்தான். தூங்கும்போது எழுந்து எழுந்து மூச்சு இருக்கான்னு பாப்பேன். ஆனா போன தடவை, அவன் எங்க எல்லாரோடயும் இருக்கான்னு நெனச்சோம், அவன் தனியா இருந்திருக்கான். இந்தத் தடவை அப்படி விடமாட்டோம். பேரைச் சொல்லிக் கூப்பிட ஊரே இருக்கு. கூப்பிட்டுக்கிட்டே இருப்போம். தனியா இருந்திருக்கான் என்கிற இடத்தில் குரல் பிசிறியது. ஒன்ஸ் மோர் என்றார். மறுபடியும் அதே இடத்தில் பிசிறியது. தண்ணி குடிங்க என்றார். குடித்தாள். பசியடக்கிப் பழகின உடம்புதான், ஆனால் மார் இப்போது கல்லாக இருந்தது, ரவிக்கை ஈரம் சேலைக்கு வந்துவிட்டது. மூன்றாம் தடவை, பிசிறினால் பிசிறட்டும் என்று விட்டுவிட்டாள். “இது போதும்” என்றார் அவர், எப்போதும் போலக் கேலி எதுவும் சேர்க்கவில்லை.

“இதோட இன்னைக்குக் கடைசி. அவங்க வாசல்ல நின்னு பாப்பாவைக் கூப்பிடறாங்க. பாப்பா ரொம்பத் தூரத்துல இருக்கு, காத்து வேற. உங்க வீட்டுக்காரர் சொன்னாரே அந்த மூணு தெரு, அது வேணும் எனக்கு. பவ்லூசி, உள்ள வா, இருட்டப்போகுது தம்பி. அவ்வளவுதான்.”

திரையில் பனி நீலமாகியிருந்தது. மத்தியானமே அங்கே அந்தி, குளிர்காலத்தில் சூரியன் எட்டிப் பார்த்துவிட்டு உடனே போய்விடுமாம். அவ்வளவு பெரிய நீலத்தின் கோடியில் ஒரு கருப்புப் புள்ளி, அதுதான் பிள்ளை, அதற்கு அப்பால் கல்லான கடல், அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை, ஒன்றுமே இல்லாததை இப்படிக் கண்ணால் பார்க்க முடியும் என்று கனி நினைத்ததில்லை. புள்ளி அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது, தன்பாட்டுக்கு, விளையாட்டாக. இன்னும் கொஞ்சம் போனால் தெரியாமல் போய்விடும். சியாசி வாசலில் வந்து நிற்கிறாள், மார்பு விரிய மூச்சை இழுக்கிறாள், கனியின் மார்பும் வலியோடு விரிந்தது, உதடு பிரிகிறது, கூப்பிட்டாள். கூப்பிட்ட பிறகு சுவரெல்லாம் அடித்திருக்கும் மெத்தைக்குத் தெரியாமல் அந்தக் குரல் எங்கோ வெளியே போய்விட்டது போல இருந்தது, சந்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, அந்த நீலத்தின்மேல் ஓடிற்று. புள்ளி நின்றது. திரும்பியது. சடை இரண்டும் தெரிந்தது, முகம் தெரிந்தது, கையை விரித்துக்கொண்டு விழுந்து எழுந்து அவளை நோக்கி ஓடி வந்தது. கேட்டுவிட்டது, அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டுவிட்டது.

“கனிம்மா.” பிரான்சிஸ் சாரின் குரல் தயங்கியது. “பிரமாதமா வந்திருக்கு. ஆனா... போட்டே காட்டறேன்.” ஹெட்போனில் அவள் குரலே அவளுக்குத் திரும்ப வந்தது, படிச்ச குரல் இல்லை, ஊர்க்குரல், உப்பளத்துக்கு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்கிற குரல். ஏல திரவியம். உள்ள வாடே, இருட்டப்போவுது. “யாரு கனிம்மா திரவியம்?”

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அம்மா எழுந்து நின்றிருந்தாள். கையிலிருந்த செருப்பு கீழே கிடந்தது. கோபமா, என்னவென்று அந்த முகத்தில் எழுதியிருக்கவில்லை, வெகு தூரத்தில் வருகிறது யார் என்று அடையாளம் தெரியாமல் பார்க்கிறவள் மாதிரி அவள் தோளிலிருந்த பிள்ளையை முன்னால் எடுத்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிள்ளை வாயை அகலத் திறந்து, கண்ணை இறுக மூடி, சத்தமே இல்லாமல் அழுதது. கண்ணாடி அந்தப் பக்கத்துச் சத்தத்தை விடாது. பிரான்சிஸ் சார் பிள்ளையைக் காட்டி, கடிகாரத்தைக் காட்டி, அம்மாவிடம் ஏதோ கேட்டார். அம்மா பிள்ளையின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை, சிரிக்கும்போது பார்க்காத முகத்தை அழும்போது பார்த்துக்கொண்டே நின்றாள், பிறகு அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேஜையருகே வந்தாள். அவர் எந்தப் பொத்தானை அமுக்குகிறார் என்று இவ்வளவு நேரமாகப் பார்த்து வைத்திருக்கிறாள். சின்னதாக ஒரு டப், அதன்பின் காதில் மூச்சு, அம்மாவின் மூச்சு, அதன் பின்னால் பிள்ளையின் வீறல்.

“சம்முவக்கனி.” போனில் பேசுகிற மாதிரியே உரக்கச் சொன்னாள். “போதும்ட்டி வேல. வெளிய வா. ஒந்தம்பிக்குப் பசிக்கி.”

கனியின் இரண்டு மாரிலும் பால் ஒரே சமயத்தில் இறங்கிச் சேலை வழியாகக் கசிந்தது. அம்மாவின் விரல் பொத்தானிலேயே இருந்தது, எடுக்கத் தெரியாமலோ என்னவோ. அதனால் பிரான்சிஸ் சார், பையனாம்மா, பாப்பான்னு இல்ல சொன்னாங்க என்று கேட்டதும் கனிக்குக் கேட்டது. அம்மா பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“அழாதல என் ராசா. அந்தா ஒங்கக்கா வாரா பாரு. ஒங்கக்காதான்ல.”

கனி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அந்தக் கனத்த கதவை இரண்டு கையாலும் தள்ளினாள்.